பழுக்கவிடாத தக்காளி

பல்கேரியாவின் ரோடோப் மலைக்காரி நெஃபிசேவுக்குப் புகையிலை தெரியாத வயது என்று ஒன்று இருந்ததே இல்லை. காயப்போட இலை கோக்கும் நீள ஊசி ஆறு வயதில் கைக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்றார்கள். கணவன் ஸ்பெயினுக்குக் கட்டட வேலைக்குப் போன பிறகு, பதின்மூன்று வயது மகள் அசினேதான் அவளுக்கு இன்னொரு ஜோடிக் கை.

பச்சை இலையின் பிசின் கையில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். சோப்பு அதனிடம் தோற்றுப்போகும். தக்காளிக்காயை நறுக்கித் தேய்த்தால்தான் போகும். அதனால் அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு வரிசை தக்காளி உண்டு, தின்பதற்கு ஒரு பழம் கிடையாது.

இலை வாங்கும் கம்பெனி ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரியைச் சேர்த்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் புகையிலையைத் தொடக் கூடாது; மீறினால் இலையை வாங்க மாட்டார்கள். உலக நாடுகள் ஜெனீவாவில் கூடி எழுதிய விதியை ஒட்டியதாம்.

"அந்த ஜெனீவாக்காரன் வந்து எனக்கு இலை கோத்துக் குடுப்பானா?" என்றாள் பக்கத்து வீட்டு ருக்கியே. நெஃபிசேவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? கம்பெனி வாங்காத இலையை அடுப்பில்தான் போட வேண்டும்.

அந்த ஆகஸ்ட் காலையில், பனி ஈரத்தோடு இலை பறித்துக்கொண்டிருந்த அசினே வரப்பிலேயே வாந்தி எடுத்தாள். ஈர இலையின் நஞ்சு தோல் வழியாக ஏறும். ஊரில் அப்படி வாந்தி எடுக்காதவர்கள் யார்?

"கொஞ்சம் உட்காருடி, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு நெஃபிசே அடுத்த வரிசைக்குப் போனாள். அதற்குள் போன் அடித்தது. ருக்கியேதான்.

"விருந்தாளி பாலத்தத் தாண்டியாச்சு!"

கம்பெனி அனுப்பும் ஆய்வாளருக்கு ஊர் வைத்த பெயர் அது. நெஃபிசே மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். செடியில் இருந்த காய் மொத்தத்தையும் பறித்து, அசினேவின் கை வெளுக்கும் வரை தேய்த்தாள். தன் கை கறுப்பாகவே இருந்தது. இருந்தால் என்ன, அவள் பெரியவள்தானே.

ஆய்வாளர் திம்கா திராட்சைப் பந்தலின் கீழே வந்து உட்கார்ந்தாள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் அந்த மலையில் இல்லை. ரொட்டி, மோர், வெள்ளரியும் வெங்காயமும் பாலாடைக்கட்டியும் போட்ட சாலட் எல்லாம் வந்தது. திம்கா தட்டையே பார்த்தாள்.

"ஆகஸ்ட்ல தக்காளி இல்லாம சாலட்டா, நெஃபிசே?"

"இந்த வருஷம் காய்க்கல மேடம்."

"செடி நல்லாத்தானே நிக்குது? மேல் வீட்லயும் காய்க்கலையாம். அதுக்கு மேல் வீட்லயும் காய்க்கலையாம்." அவள் அசினே பக்கம் திரும்பினாள். "காலையில என்னம்மா பண்ணிட்டிருந்த?"

"தூங்கிட்டிருந்தேன். அம்மா என்னை எதையும் தொடவே விடாது."

முகம் வெளிறிக் கிடக்க, கண்கூட இமைக்காமல் சொன்னாள் பெண். இதே வயதில், இதே வார்த்தைகளை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெஃபிசேவும் தன் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். டீச்சர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தலையாட்டலின் மேல் இத்தனை வருஷம் கழித்துக் கோபம் வந்தது.

"பொய் சொல்றா மேடம். விடியக்காலையிலேர்ந்து என்கூட இலை பறிச்சா. வாந்தி எடுத்தா. நான் பாட்டுக்கு அடுத்த வரிசைக்குப் போயிட்டேன்."

"அம்மா!"

"நான் எழுதித்தான் ஆகணும், நெஃபிசே."

"எழுதுங்க."

"இது எச்சரிக்கை. இன்னொரு தடவைன்னா ஒப்பந்தம் போயிடும். முதல்ல பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டு."

ஊர் ரகசியத்தைப் போட்டு உடைத்தவளோடு ருக்கியே அந்தக் கோடை முடியும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷம் நெஃபிசே, ஒற்றை ஆளாகப் பார்க்க முடிகிற அளவுக்கு மட்டும் புகையிலை நட்டாள். கணவன் போனில் கத்தினான். அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

தக்காளியை மட்டும் யாரும் தொடக் கூடாது என்றாள். தன்னையும் சேர்த்துத்தான். ஆகஸ்டில் அது பழுத்தது. அசினே வாசலில் உட்கார்ந்து உப்புத் தொட்டுக் கடித்தாள். சாறு முழங்கைவரை ஒழுகியது.

"நீயும் ஒண்ணு சாப்பிடும்மா."

நெஃபிசே தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கு எல்லாம் பிசின், தேய்க்க ஒரு காய் இல்லை. அவள் குனிந்து வாயைத் திறந்தாள். மகள் ஊட்டினாள்.