என் அண்ணனின் பெயரைச் சொன்ன நாள்

ஏசி மெக்கானிக் வகுப்பில் சேர்ந்ததற்காக என் அண்ணன் விட்ட அறையில் மூன்று நாள் எனக்குக் காது இரைந்துகொண்டே இருந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சாந்தோமில் ஹவுசிங் போர்டு வீட்டில் அம்மா, அண்ணன், நான், மூன்று பேர். பிளஸ் டூ முடித்ததும் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் ஒரு வருடம் நின்றேன். உட்காரக் கூடாது என்பது கடையின் விதி. கால் வீங்கிப்போய் அதை விட்டுவிட்டு, எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காக நடந்த இலவசப் பயிற்சி மையத்துக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் கம்ப்யூட்டரிலும் நர்சிங் உதவியாளர் வகுப்பிலும் உட்கார்ந்தார்கள். நான் ஏசிக்குப் போனேன். பெரிய லட்சியம் எல்லாம் இல்லை. ஏசி மெக்கானிக் ஒரே இடத்தில் நிற்கமாட்டான், ஊர் சுற்றுவான். அது பிடித்திருந்தது.

நான் ஸ்பேனர் பிடிப்பது அண்ணனுக்குப் பிரச்சினை இல்லை. "குப்பத்துப் பசங்களோட ஒரே பெஞ்சுல குந்திக்கினு இன்னாடி படிப்பு உனுக்கு?" என்று கேட்டுத்தான் அடித்தான்.

எங்கள் போர்டுக்கும் கடலோரக் குப்பத்துக்கும் நடுவே ஒரு ரோடுதான். முந்தைய வருடம் கிரிக்கெட்டில் ஆரம்பித்த சண்டையில், குப்பத்துக்காரன் ஒருவன் ஸ்டம்பால் குத்தியதில் அண்ணனின் உயிர் நண்பனுக்கு ஒரு கண் போய்விட்டது. பதிலுக்கு எங்கள் பக்கத்தார் இரண்டு பேரின் கால்களை உடைத்தார்கள். அதற்குப் பிறகு யார் ஆரம்பித்தது என்ற கணக்கே இல்லாமல் போயிற்று.

மையத்தில் இளைஞர் குழு என்று ஒன்று அமைத்து, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தலைவர், அந்தப் பக்கம் ஒரு தலைவர் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் வகுப்பிலேயே படித்த ஒருவன். கண்ணைக் குத்தியவனுக்குச் சித்தப்பா மகன். சண்டைப் பக்கமே போகாதவன். செப்புக் குழாயைத் தீயில் காட்டி ஒட்டவைக்கும் வேலையில் அவனுக்கு நிகர் வகுப்பில் யாரும் இல்லை. ஒட்டிய இடம் தெரியாது. நாங்கள் இருவரும் சேர்ந்து, படிப்பை நிறுத்தியவர்களின் வீடு வீடாகப் போவோம். அவன் தெருவில் எனக்கு அவன் துணை, என் தெருவில் அவனுக்கு நான். சிலர் எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். சிலர் பிள்ளைகளை அனுப்பினார்கள். அண்ணன் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

படிப்பு முடியும் நேரத்தில் ஒரு கம்பெனி ஆள் எடுக்க மையத்துக்கே வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க, அந்தப் பக்கத் தலைவன் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தான். அடுத்தது நான். வாசலில் செருப்புகள் சிதறும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கர்ச்சீப்பால் முகத்தைக் கட்டிய நான்கு பேர் உள்ளே வந்தார்கள். கையில் பட்டாக்கத்தி.

முதல் வெட்டைத் தடுக்க அவன் கையைத் தூக்கினான். கத்தி உள்ளங்கையில் இறங்கியது. எரிந்துகொண்டிருந்த கேஸ் டார்ச் தரையில் விழ, பயிற்சி சார் பாய்ந்து சிலிண்டரை மூடினார். அதிகாரி மேசைக்கு அடியில் போய்விட்டார். இரண்டாவது வெட்டு அவன் தோளில் விழுந்தது. சுவரில் தெறித்த ரத்தம் என் உதட்டிலும் பட்டது. உப்புக்கரித்தது. மூன்றாவது வெட்டுக்குக் கத்தியை ஓங்கியவனின் சட்டை எனக்குத் தெரிந்த சட்டை. முந்தின நாள் நான் துவைத்துக் காயப்போட்டது.

மேசையில் இருந்த பைப் ரெஞ்சை எடுத்து அண்ணனின் முழங்கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கத்தி கீழே விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் இரண்டு முறை அதே கையில் அடித்தேன். அந்த இரண்டும் வெட்டுப்பட்டவனுக்காக அடித்தவை அல்ல. அண்ணன் என்னைப் பார்த்தான். கண் மட்டும்தான் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு ஓடிவிட்டான்.

வெட்டுப்பட்டவனை ஆட்டோவில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் துப்பட்டாவை அவன் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தேன். "யாருன்னு எனக்குத் தெரியும். நீ சொல்லாத. நீ அந்த வூட்லதான் இருக்கணும்" என்றான். அவன் சொன்னது நியாயமாகவே பட்டது. சொல்ல வேண்டாம் என்றுதான் நானும் முடிவு செய்தேன்.

மதியம் செய்தி வந்தது. வெட்டியது யார் என்று தெரியாத குப்பத்துக்காரர்கள், போர்டிலிருந்து யார் கிடைத்தாலும் சரி என்று ரோட்டில் நின்றிருக்கிறார்கள். கிடைத்தவன் நர்சிங் வகுப்பில் படித்த ஒருவன். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸுக்கு நின்றவனைக் கருங்கல்லால் மண்டையில் அடித்திருக்கிறார்கள். அவன் வாழ்நாளில் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அவனை அந்த வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தது நானும் வெட்டுப்பட்டவனும்தான். அவனையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். அவன் அம்மா என்னைப் பார்த்து, "நீதானம்மா இட்டுக்கினு போன" என்றாள்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். அம்மா எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "மூஞ்சியக் கட்டிக்கினு இருந்தானுங்க, தெரியலன்னு சொல்லிடு. உங்கப்பன் போனப்புறம் அவன்தான்டி நம்மளக் காப்பாத்தனான்."

அது உண்மை. பதினைந்து வயதில் மூட்டை தூக்கி என்னைப் படிக்கவைத்தவன் அவன்தான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். வெட்டியவன் என் அண்ணன் என்றதும், "கூடப் பொறந்தவன். நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார்.

பெயரைச் சொன்னேன். மற்ற மூன்று பேரும் தினமும் அண்ணனோடு சுற்றுகிறவர்கள், முகத்தைக் கட்டினாலும் எனக்குத் தெரியும்; அவர்களின் பெயர்களையும் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை. அன்று வீட்டு வாசலில் முதலில் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். பிறகு துடைப்பத்தை எடுத்து, அது பிய்ந்துபோகும்வரை என்னை அடித்தாள். பக்கத்து வீடுகளில் எல்லாக் கதவும் திறந்திருந்தது, யாரும் வரவில்லை. ஒரு பையில் துணியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பயிற்சி சாரின் மனைவி அடையாற்றில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இடம் பிடித்துக் கொடுத்தார்.

நான்கு பேரையும் பிடித்தார்கள். அதைப் பார்த்த குப்பத்துப் பெரியவர்கள், கல்லால் அடித்தவர்களைத் தாங்களே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஆள் தெரியாமல் யாரும் யாரையும் அடிக்கவில்லை. மண்டை உடைந்தவன் பிழைத்துக்கொண்டான். வகுப்புக்கு மட்டும் திரும்பி வரவே இல்லை.

மேசைக்கு அடியில் போன அதிகாரி இரண்டு வாரம் கழித்துப் போன் செய்து, "வேலை வேணுமாம்மா?" என்று கேட்டார். எங்கள் இருவரையும் எடுத்தால்தான் வருவேன் என்றேன். தலைவியாக நான் செய்த கடைசிக் காரியம் அதுதான். வெட்டுப்பட்டவனுக்கு இரண்டு விரல் மடங்காது. டார்ச் பிடிக்க முடியாது. கம்பெனியில் எந்த மெக்கானிக் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். தினமும் காலையில் எனக்குப் போன் செய்து, "தரமணி, மூணாவது மாடி, தண்ணி ஒழுகுதாம்" என்பான். அன்று அவன் ஒட்டிக்கொண்டிருந்த குழாயைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அண்ணன் ஜெயிலிலிருந்து வந்து லோடு ஆட்டோ ஓட்டுகிறான். இடது கையால்தான் கியர் மாற்ற வேண்டும். அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை முழுதாக நீளாது. போன பொங்கலுக்கு அம்மா கூப்பிட்டாள் என்று போனேன். நான் உள்ளே நுழைந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். அம்மா சாம்பாரை என் கையில் கொடுத்து, "நீயே போயி ஊத்து" என்றாள். போய் ஊற்றினேன். போதும் என்று கையைக் காட்டினான். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.