ஒன்பதாவது வாரத்து முழங்கால்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வடக்குக் கோடியில், ஏரி உறைந்தால்தான் உயிர் வரும் ஊர் ஒன்றில், பள்ளிப் பேருந்தை மார்னி லெஹ்டோவை விட நன்றாக ஓட்ட ஆள் கிடையாது. பொறாமைப்படுவதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பத்தெட்டு வயது. பதினோரு வருடமாகப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் நடு ஆட்டக்காரி. பிரிட்டா ஹால்வர்சன் வரும் வரைக்கும்.

பிரிட்டா பல் மருத்துவரிடம் உதவியாளராக வந்தவள், வயது இருபத்தேழு. ஒரே சீசனில் நடு இடத்தைப் பிடித்துக்கொண்டாள். மார்னி ஓரத்துக்குப் போனாள். அந்த அக்டோபரில் மார்னியின் இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. இனி நம் ஆட்டம் அவ்வளவுதான் என்று அழுதுகொண்டிருந்தவளுக்குப் பத்தாம் நாள் செய்தி வந்தது: பிரிட்டாவின் வலது முழங்காலும் போய்விட்டதாம். அன்று மார்னி நிம்மதியாகத் தூங்கினாள். வெட்கக்கேடுதான், ஆனால் தூங்கினாள். உங்களில் யார் முதலில் தேறி வருகிறீர்களோ அவருக்குத்தான் நடு இடம் என்று பயிற்சியாளரும் சொல்லிவிட்டார்.

இருவருக்கும் ஒரே வாரத்தில், ஒரே மருத்துவர் கையால் அறுவை சிகிச்சை. மார்னிக்கு முட்டிச் சில்லின் கீழிருந்து நார் எடுத்து வைத்தார்கள், பிரிட்டாவுக்குத் தொடையின் பின்னாலிருந்து. அதனால் பிரிட்டாவால் மண்டியிட முடிந்தது, மார்னியால் முடியவில்லை. இதற்கும் வயிறு எரிந்தது. அறுவை முடிந்தவர் வீட்டுக்கு ஊர்க்காரர்கள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் சுட்ட உணவைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவருவார்கள். மார்னிக்கு நான்கு தட்டு வந்தது. பிரிட்டாவுக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றையும் கழுவிய பிறகு வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்க வண்டி ஓட்டியதே மார்னிதான். வலது காலில் கட்டுப் போட்டவளால் வண்டி ஓட்ட முடியாது, இடது காலுக்கோ கிளட்ச் இல்லாத அந்த ஊர் வண்டியில் வேலையே இல்லை. அடுத்த தெருக்காரி, அதே அணி, பிசியோதெரபிக்கும் அதே நேரம். கூட்டிப்போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? பிரிட்டாவின் கட்டு அவிழ்ந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ரோலன்ட், யாருக்கு முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பார். மார்னியின் எண் ஒருநாளும் பிரிட்டாவின் எண்ணைத் தாண்டியதில்லை.

“என்ன மார்னி, முறைச்சுப் பாத்தா நம்பர் ஏறிடுமா?”

“உங்க கையெழுத்து கோணலா இருக்கு. அதான் பாக்கறேன்.”

ஒன்பதாவது வாரம் அவர் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்தார். “காது குடுத்துக் கேளுங்க. இப்ப வலி போயிருக்கும், முட்டி சமத்தா இருக்கும். ஆனா வெச்ச நாரு இப்பதான் இருக்கறதுலயே பலவீனமா இருக்கும். ஏரிப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க.”

திரும்பும்போது பிரிட்டாவுக்குப் பாட்டு வேறு. “நூத்தி முப்பத்தஞ்சு! பாத்தியாடி?”

மார்னியின் நாக்கு நீண்டுவிட்டது. “ரோலன்ட் சும்மா பயமுறுத்துவாரு. நான் ஞாயித்துக்கிழமையே ஏரியில நாலு சுத்து சுத்திட்டு வந்துட்டேன்.”

“போடி, பொய்யி!”

“உங்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? முட்டி ஆட்டங்காணவே இல்ல, தெரியுமா?”

பிரிட்டாவின் முகம் சுருங்கியது. பாட்டு நின்றது. இரண்டு மாதமாக எதையும் ருசித்துச் சாப்பிடாத மார்னி அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

சனிக்கிழமை பிரிட்டா ஸ்கேட் காலணியை மாட்டிக்கொண்டு தனியாக ஏரிக்குப் போனாள். மூன்றாவது சுற்றில் பனி வெடிப்பில் காலணி மாட்டி, உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. வைத்த நார் அறுந்துபோயிற்று. இன்னொரு அறுவை, இன்னொரு வருடம்.

செவ்வாய்க்கிழமை ரோலன்ட் பலகையில் பிரிட்டாவின் எண்ணை அழித்தார். “யாரு சொல்லி இந்த வேலையப் பண்ணினீங்க?” என்றார். மார்னி தரையைப் பார்த்தாள்.

“யாரும் சொல்லல. என் கொழுப்புதான்,” என்றாள் பிரிட்டா.

வண்டியில் ஏறிய பிறகு, ஊன்றுகோல்களை மடியில் கிடத்திக்கொண்டு பிரிட்டா பேசினாள். “உன்னைக் காட்டிக் குடுப்பேன்னு நெனச்சியா? எனக்கு உன் மேல கோவம் இல்லடி, பொறாமை. வந்த நாள்லேருந்து. இந்த ஊர்ல எல்லாரும் உன் ஆட்டத்தப் பத்தியேதான் பேசுவாங்க. உன் முட்டி தாங்குச்சு, என்னுது தாங்கல. அவ்வளவுதான்.”

சும்மா இருந்திருக்கலாம். நடு இடம் இனி மார்னிக்குத்தான், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஆனால் அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

“பிரிட்டா, நான் ஏரிக்குப் போகவே இல்ல.”

பிரிட்டா கதவைத் திறந்து, ஊன்றுகோல்களை முதலில் பனியில் ஊன்றி இறங்கினாள். வீட்டுக்கு இன்னும் மூன்று தெரு.

“ஏறுடி! வழுக்கும்! இன்னொரு காலையும் உடைச்சுக்காத!”

பிரிட்டா நடந்தாள். மார்னிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் பேருந்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் இறங்கும்போது செய்வதைப் போல எச்சரிக்கை விளக்குகளைப் போட்டாள். பின்னால் வந்த வண்டிகளை முந்த விடாமல், பிரிட்டா நடக்கிற வேகத்திலேயே அவள் பின்னால் வண்டியை ஊர விட்டாள். மூன்று தெருவும் பிரிட்டா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.