மாமாவின் பைக் கண்ணாடி

எட்டு மாதத்தில் மாமா தன் புது பைக்குக்குக் கண்ணாடி மாற்றியது அது மூன்றாவது முறை. வேங்கிக்கால் பக்கம் பைக் சாமான் விற்கும் கடையில், உறையைப் பிரித்து இரண்டு கண்ணாடிகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. தண்டு நீளமான, அகலமான, வளைந்த கண்ணாடி. "இது போதும்னு நெனக்கிறியா மச்சான்?" என்று கேட்டார். "இதுக்கு மேல வேணும்னா பஸ் கண்ணாடியத்தான் கழட்டிட்டு வரணும்" என்றேன். கடைக்காரர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

மாமா என் அக்காவின் கணவர். இருபத்தெட்டு ஆண்டுகள் பஸ் ஓட்டியவர். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வந்த கையோடு, மலை, மண்பாதை எல்லாம் ஏறுகிற உயரமான பைக் ஒன்றை வாங்கினார். அக்காவைப் பின்னால் உட்காரவைத்து லடாக் வரை போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முழங்கால் வலிக்காரருக்கு எதற்கு இவ்வளவு உயரமான வண்டி என்று நான் யோசித்திருக்க வேண்டும். கூட நின்று சாமான் தேர்ந்தெடுக்கிற உற்சாகத்தில் அதெல்லாம் தோன்றவில்லை.

இன்ஜினைச் சுற்றி இரும்பு கார்டு, கைப்பிடிக்கு முன்னால் ஹேண்ட் கார்டு, மஞ்சள் ஃபாக் லைட் என்று ஒவ்வொன்றாக வந்தன. லைட்டைப் பட்டப்பகலில் போட்டுக்கொண்டு ஓட்டினார். கேட்டால், "நாம பாக்கறத விட, மத்தவன் நம்மளப் பாக்கறதுதான் முக்கியம்" என்பார். அனுபவசாலி பேச்சு என்று அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பக்கப் பெட்டிகளை மட்டும் வேண்டாம் என்றார்; அகலம் ஜாஸ்தியாகிவிடுமாம். கார்டில் இடப்பக்கம் மட்டும் பெயிண்ட் உரிந்திருந்தது. வீட்டில் நிலைக்கதவில் இடது தோளை இடித்துக்கொள்வார். சாப்பிடும்போது இடப்பக்கம் இருக்கும் தண்ணீர்ச் சொம்பு உருளும். எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குப் புத்தி இல்லை.

அன்று கண்ணாடியைப் பொருத்தி முடித்ததும் பைக்கில் ஏறி உட்கார்ந்து, எதுவரை தெரிகிறது என்று பார்க்க என்னைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். விரல்களைக் காட்டினேன். தலையை முழுதாகத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்து "மூணு" என்றார். சரிதான். அங்கிருந்து இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வந்தேன். கடைசியில் அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில், தொடும் தூரத்தில் நின்றேன். நேரே பார்த்தபடி, "எங்க மச்சான் போயிட்ட?" என்றார். கடைக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எதிர் டீக்கடையில் வைத்துக் கேட்டேன். "ரெண்டு வருஷமாச்சு. நேரா நல்லாத்தான் தெரியுது. பக்கத்துலதான் கம்மி, இடது பக்கம் சுத்தமா இல்ல" என்றார். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையில் அடுத்த கண் பரிசோதனை வருவதற்குள் முழங்காலைச் சாக்குச் சொல்லி விலகியிருக்கிறார். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்ட மனசு வரவில்லையாம். அக்காவை ஏற்றிக்கொண்டு ஓட்ட மட்டும் எப்படி மனசு வருகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். "உங்க அக்கா கிட்ட சொல்லிடாத. இந்த ஒரு ட்ரிப்புதான். வந்ததும் வண்டிய நீயே வச்சுக்கோ" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரிந்தே தலையாட்டினேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. கோழை என்றும் சொல்லலாம்.

மறு வாரம் ஒரு நாள் காலை, லடாக் பயணத்துக்கு ஒத்திகை என்று மாமாவும் அக்காவும் கிரிவலப் பாதையை ஒரு சுற்றுச் சுற்றக் கிளம்பினார்கள். மனசு கேட்காமல் நானும் என் ஸ்கூட்டியை எடுத்தேன். ஏறுவதற்கு முன் அக்கா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "போய்ட்டு வரட்டுமாடா?" என்றாள். "போய்ட்டு வாக்கா" என்றேன்.

அடி அண்ணாமலை தாண்டியதும் இடப்பக்கம் ஒரு கன்றுக்குட்டி பாதையில் இறங்கியது. பின்னால் வந்த எனக்கே தெரிந்தது. பதறிப்போய் விடாமல் ஹார்ன் அடித்தேன். ஹார்ன் சத்தம் கேட்டதும் மாமா வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தார். தலையை முழுதாக வலப்பக்கம் திருப்பிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் கன்று குறுக்கே வந்துவிட்டது.

கன்று எழுந்து ஓடிவிட்டது. மாமாவுக்குச் சிராய்ப்பு. அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மாமா மருந்து வாங்கப் போயிருந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "அவருக்குக் கண்ணு சரியில்லன்னு எனக்குத் தெரியும்டா. சொட்டு மருந்த ஒளிச்சு வச்சிருந்தாரு, பாத்துட்டேன். எவ்ளோ மோசம்னுதான் தெரியல. ஓட்டக் கூடாத அளவுக்கு இருந்தா நீ சொல்லுவேன்னு இருந்தேன். அதான் உன்னக் கேட்டுட்டு ஏறினேன்." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது அக்கா வாக்கர் பிடித்து நடக்கிறாள். மாமாவுக்கு நேர்ப்பார்வையும் மங்கி வருகிறது. ஞாயிறுதோறும் போகிறேன். காபி தருகிறாள், பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று விசாரிக்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் மிச்சப் பார்வையையாவது காப்பாற்ற மாமாவின் கண் ஆபரேஷனை எங்கே செய்வது, எப்போது செய்வது என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் முடிவு செய்தாள்.