குருத்தெலும்பும் என் கட்டைவிரலும்

ராயப்பேட்டையில் ஆட்டோ ஏறினால் என் மடியில் இருக்கும் ஐஸ் பெட்டியைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஒரு டிரைவர் கண்ணாடியில் பார்த்தபடியே கேட்டார். "இன்னா மா, வஞ்சிரமா? ஐஸெல்லாம் போட்டு பத்திரமா எடுத்துக்கினு போற?"

"முழங்கால்" என்றேன். அவர் கண்ணாடியைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் பொய் சொல்லவில்லை. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையில் வெட்டி எடுக்கிற எலும்புத் துண்டுகள் எப்படியும் குப்பைக்குத்தான் போகும். நோயாளி சம்மதித்தால் அவற்றை வாங்கி வந்து, மேலே மிச்சம் ஒட்டியிருக்கிற குருத்தெலும்பைச் சீவி, அதற்குள் இருக்கும் செல்களைப் பிரித்து வளர்ப்பது என் வேலை. பேர் சொல்ல மாட்டார்கள். வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான் தெரியும். மீன் வாங்குகிறவர்களுக்காவது எந்தக் கடல் என்று தெரியும்.

என் கணவர் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து அங்கேயே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் ஆராய்ச்சியை அவருக்குப் புரிய வைக்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.

"செல் முதிர்ச்சி அடையறதுங்கறே. நல்லதுதானே? அதைப் போய் ஏன் தடுக்கணும்னு நிக்கறே?" என்பார்.

குழந்தையின் கால் எலும்பு நீளும்போது, அதன் முனையருகே இருக்கும் குருத்தெலும்பு செல்கள் பருத்து முதிர்கின்றன. முதிர்ந்ததும் ஒரு வகை நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி, செல்லைச் சுற்றித் தாங்கி நிற்கிற நார்ப்புரதத்தை வெட்டித் தள்ளுகிறது. காலியான இடத்தில் எலும்பு வந்து உட்காருகிறது. வளர்கிற பிள்ளைக்கு அது சரி. ஆனால் மூட்டின் மேல் வழுவழுப்பாகப் படர்ந்திருக்கிற செல்கள் அந்த வழிக்கே போகக் கூடாது. ஆயுசு முழுக்க முதிராமல், சின்னதாக, சத்தமில்லாமல் இருந்துவிட வேண்டும். மூட்டுத் தேய்வு வந்தவர்களிடம் அவற்றில் சில திடீரென்று பருக்கின்றன, முதிர்கின்றன, நொதியைச் சுரந்து சுற்றியிருப்பதை அரிக்கின்றன. அரித்த துணுக்குகள் பக்கத்து செல்லையும் கிளப்பிவிடுகின்றன என்பது என் எண்ணம். அப்படியானால் நொதியைக் கட்டிப்போட்டால் முதிர்ச்சியும் நிற்க வேண்டும்.

"தானிருக்கற ஆத்தைத் தானே இடிச்சுண்டு நிக்கறதுன்னு சொல்லு" என்றார் அவர். என் கட்டுரைகளில் ஒன்றிலும் இவ்வளவு தெளிவாக நான் எழுதியதில்லை. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

அந்த எரிச்சலெல்லாம் கை வலி வருவதற்கு முன்பு. எங்கள் வேலையே பிப்பெட்டில்தான். பெரிய பேனா போன்ற கருவி அது. உள்ளங்கையில் பிடித்து, தலையில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கி, சொட்டுச் சொட்டாக உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாளெல்லாம் அதேதான். முதலில் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. பிறகு வீட்டுப் பூட்டில் சாவி திரும்பவில்லை. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, ஒரு மேடு புடைத்துக்கொண்டு வந்தது. அது என்னவென்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் போனேன்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு டாக்டர் சிரித்தார். "உங்களுக்கு நான் என்ன மேடம் சொல்றது? உங்க சப்ஜெக்டே உங்க கைக்கு வந்துடுச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் நல்ல வார்த்தையும் வரவில்லை. பட்டி கட்டலாம், ஊசி போடலாம், ஒன்றும் கேட்காவிட்டால் அடியில் இருக்கும் அந்தச் சின்ன எலும்பையே எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் வலி போகும், ஆனால் அமுக்குகிற பலம் பழையபடி வரும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள், கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

கையில் இருந்தது ஒரே ஒரு சோதனை. ஒரு பெண்மணியின் முழங்காலிலிருந்து எடுத்த செல்களை ஜவ்வரிசி அளவு கூழ்மணிகளுக்குள் வைத்து, சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துக்கொண்டிருந்தேன். பாதித் தட்டுகளுக்கு நொதியைத் தடுக்கும் மருந்து உண்டு, பாதிக்குக் கிடையாது. முதல் சொட்டு முதல் கடைசி வரை ஒரே கைதான் செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆளுக்கு ஆள் அமுக்குவது மாறும், கணக்கு கெட்டுப்போகும். என் திட்டத்தின் காலமும் முடிகிற கட்டத்தில் இருந்தது. இந்தச் செல்கள் வளர்ந்து முடிந்தால் நான் இத்தனை வருஷம் நம்பியது சரியா தப்பா என்று தெரிந்துவிடும். என் கட்டைவிரல் அதுவரை தாங்கினால் போதும், அப்புறம் எலும்பை எடுத்துத் தூர எறியட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மருந்து இல்லாத மணிகளில் செல்கள் உப்பிப்போய் இருந்தன. மருந்து கொடுத்தவை சின்னதாக, உருண்டையாக, அடக்கமாக இருந்தன. கண்ணால் பார்த்தது போதாது, அளந்து காட்ட வேண்டும், அதற்கு இன்னும் சில நாள் வேண்டும். ஆனாலும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் லீவுக்கு முந்தின சாயங்காலமே பூஜை நடந்துவிடும். மைக்ராஸ்கோப், பிப்பெட், சுழலும் இயந்திரம் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, பொரியும் கடலையும் படைப்போம். சோதனை முடியும்வரை கை தாங்கட்டும் என்று ஊசி போட அன்று டாக்டர் எனக்கு நேரம் கொடுத்திருந்தார். தட்டுகளுக்குப் புது ஊட்டநீர் மாற்றி, செல்களைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டு, பூஜைக்கு இருக்காமல் கிளம்பினேன்.

விஜயதசமி காலையில் ஊட்டநீர் மாற்றப் போனேன். ஆபீஸ் பிரிவிலிருந்து அந்த வருஷம்தான் எங்களிடம் மாற்றலாகி வந்த அட்டெண்டர் அக்கா எனக்கு முன்பே வந்து, மறுபூஜைக்குக் கற்பூரம் ஏற்றி வைத்திருந்தார். இன்குபேட்டர் கதவில் பெரிய குங்குமப் பொட்டு. அதன் மின்விளக்கு எரியவில்லை. கதவைத் தொட்டேன், சூடே இல்லை. உள்ளே ஆரஞ்சாக இருக்க வேண்டிய ஊட்டநீர் எல்லாத் தட்டிலும் ஊதாவாக மாறியிருந்தது. இன்குபேட்டர் செலுத்தும் கரியமில வாயு நின்றுபோனால் அப்படித்தான் மாறும்.

"யார் இதை அணைச்சது?"

"நான்தான் மா. பூஜ போட்டா எல்லா மிஷினும் ரெஸ்ட்ல இருக்கணும் இல்ல? எங்க ஊட்டுல தையல் மிஷினக் கூட தொட மாட்டோம்." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "உங்களுக்குக் கை வலிக்குதேன்னு இதுக்கு மட்டும் தனியா சூடம் காட்டி வேண்டிக்கினேன் மா. தப்பா?"

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் கற்பூரத் தட்டைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

ஏதாவது மிஞ்சியிருக்கும் என்று ஒரு நப்பாசை. மணிகளைக் கரைத்து நீலச் சாயம் விட்டால் செத்த செல் நீலமாகும், உயிருள்ளது ஆகாது. பிப்பெட்டை எடுத்தேன். அமுக்கினேன். கட்டைவிரலின் அடியில் ஏதோ நழுவிய மாதிரி இருந்தது, தோள்வரை வலி பாய்ந்தது, பிப்பெட் மேஜையில் விழுந்து உருண்டது. திரும்ப எடுத்தேன். பொத்தான் இறங்கவே இல்லை. முக்கி முக்கிப் பார்த்தேன். ஊசி போட்ட கைதான் அது.

அக்கா கற்பூரத் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "நீங்க பிடிங்க மா. நான் அமுக்குறேன், எவ்ளோன்னு சொல்லுங்க." என் விரல் மேல் அவர் விரலை வைத்து அமுக்கினார். சொட்டு விழுந்தது. மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். மருந்து கொடுத்தது, கொடுக்காதது என்ற வித்தியாசமே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை நீலம். அடுத்த தட்டையும் பார்த்தேன், அதற்கடுத்ததையும் பார்த்தேன்.

"எதுனா உசுரோட கீதா மா?"

"இல்லக்கா."

செத்த செல்களை அப்படியே வைத்திருக்க முடியாது. பிளீச்சிங் திரவம் ஊற்றித்தான் கொட்ட வேண்டும். கேனின் மூடியை என்னால் திருக முடியவில்லை. அவரிடம் நீட்டினேன். அவர் திறந்து, அழுதுகொண்டே, நான் காட்டிய தட்டுகளில் ஒவ்வொன்றாக ஊற்றினார். ஊதா நிறம் வெளுத்துத் தண்ணீரானது. எல்லாத் தட்டும் வெளுக்கும்வரை இரண்டு பேரும் நின்று பார்த்தோம். அதன் பிறகு நான் பிப்பெட்டைத் தொடவில்லை.