அப்பாவின் நடைக்குள் ஒரு வட்டம்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லாரும் 'பிசியோ அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஊரார் முழங்காலையெல்லாம் மடக்கி நீட்டிப் பழக்கிக்கொண்டிருந்தவள், நாற்பது வயதில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று வந்துவிட்டாள். பள்ளியிலேயே கணக்கைக் கண்டால் காத தூரம் ஓடியவள்; போயும் போயும் நேரியல் அல்லாத இயக்கவியல் என்ற முரட்டுக் கணக்கில் வந்து மாட்டிக்கொண்டாள். காரணம் அப்பா. மனுஷர் இரண்டு தடவை குளியலறையில் விழுந்து எழுந்தவர். விழுவதற்கு முன்பே நடை எதையாவது காட்டிக்கொடுக்காதா என்ற கேள்வி அவளை விடவில்லை.

முதல் வருஷம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல்தான் இருந்தது. கூடப் படிக்கிறவர்கள் சமன்பாட்டைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவளும் ஆட்டுவாள், வீட்டுக்கு வந்து தலையைப் பிய்த்துக்கொள்வாள். மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. கணுக்காலில் ஒரு சென்சார் கட்டினால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று எண்ணாகத் தரும். ஒவ்வோர் எண்ணையும் அதற்குச் சற்றுப் பின்னால் வந்த எண்ணோடு சேர்த்துத் திரையில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், நடைக்கு ஒரு வடிவம் கிடைக்கும். சின்னத் தடுமாற்றம் அதற்குள் அடங்கிப்போகிறதா, வளர்ந்துகொண்டே போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

அப்பா காலில் கட்டி எடுத்த எண்கள் ஒரே பிசிறு. அவற்றைக் கணினியில் வடிகட்டினாள். வேகமான துள்ளலும் மெதுவான சரிவும் போய், நடுவாந்தர ஏற்ற இறக்கம் மட்டும் நின்றது. திரையில் அழகாக ஒரு வட்டம்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து காட்டினாள்.

"உங்க நடை கட்டுக்குள்ளதான் இருக்குப்பா. பாருங்க, எங்க போனாலும் சுத்தித் திரும்பி வந்துடுது."

மறுநாளே அப்பா கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார். அவளும் தடுக்கவில்லை.

இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையை அனுப்புமுன் ஒரு சோதனை பாக்கியிருந்தது. அதே எண்களைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்துப்போட்டு, எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். வரிசை கலைந்தால் அது நடையே இல்லை, வட்டம் வரக்கூடாது. வந்தது. அதே வட்டம்.

வட்டம் அப்பாவின் நடையில் இல்லை, அவள் போட்ட வடிகட்டியில் இருந்திருக்கிறது. எந்த எண்களைப் போட்டாலும் அது வட்டமாகத்தான் ஆக்கித் தரும். கட்டுரை கிடக்கட்டும், அந்தத் தடி? வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா கடைக்குப் போயிருக்காரு," என்றாள் அம்மா. "தடியா? அதையெல்லாம் இப்ப எங்க தொடுறாரு!"

அவள் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தபோது, அப்பா கடையிலிருந்து திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து தடியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, அந்த வட்டம் தப்பு. உங்க எண்களையெல்லாம் கலைச்சுப் போட்டாலும் அதேதான் வருது. நானே உண்டாக்கினது."

"அப்போ என் நடை எப்படித்தான் இருக்கு?"

"தெரியலப்பா."

"இதைச் சொல்லவா இத்தனை வருஷம் படிச்சே?" என்று சிரித்தார். அவளுக்கு அழுகைதான் வந்தது.

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். நீலம் பாரித்திருந்தது.

"போன வாரம் வாசப்படியில தடுக்கி விழுந்துட்டேன். உங்க அம்மாகிட்டகூட மூச்சு விடல."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன் வட்டம் தப்பாயிடுமேம்மா. அவ்வளவு சந்தோஷமா கொண்டுவந்து காட்டினியே."

அவள் தடியை அவர் மடியில் வைத்தாள். தரையில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில், அந்த முழங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தாள்.