‘போர்’ என்று ஒரு தலைப்பு

கல்லூரியில் அவளுக்கு ‘சமாதானம் மேடம்’ என்று பெயர். மாணவர்கள் வைத்த பெயர்தான். காதில் விழுந்தும் அவள் கோபித்துக்கொண்டதில்லை. வரலாறு கற்பித்தாள். அறிவியலும் மதமும் என்றைக்கும் கீரியும் பாம்பும்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மணி அடித்தாலும் வகுப்பை விடமாட்டாள்.

அவளுடைய ஆராய்ச்சியெல்லாம் ஊர் நடுவில் இருந்த பழைய பிரார்த்தனை மண்டபத்தைப் பற்றியது. அதன் கூரையில் ஒரு சின்னத் துளை. நடுப்பகலில் அதன் வழியே விழும் வெயில் வட்டம், தரையில் பதித்த பித்தளைப் பட்டையை நாளுக்கு ஓரிடத்தில் தொடும். வானியல் அறிஞர் ஒருவர் அந்தத் துளையைத் திருட்டுத்தனமாகப் போட்டார், மதகுருமார் அவரை ஊரைவிட்டே விரட்டினார்கள் என்பது ஊரறிந்த கதை. அவள் கண்டது வேறு. துளையைச் சுற்றியிருந்த கல் வளையம் கூரையோடு சேர்த்தே கட்டப்பட்டது. நோன்பு நாளைப் பிசகாமல் கணிக்க மதகுருமார்தான் அவரை வரவழைத்திருந்தார்கள். தேதி விஷயத்தில் முட்டிக்கொண்டது உண்மை. கோபித்துக்கொண்டு போனவரை அவர்களே திரும்பக் கூப்பிட்டதும் உண்மை.

புத்தகம் முடிகிற நேரத்தில் கணவர் படுக்கையில் விழுந்தார். இயற்பியல் ஆசிரியரான அவளுடைய அண்ணன், உடனே அறுவை சிகிச்சை என்றார். தங்கை, முதலில் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அழைத்துப் போகலாம் என்றாள். கணவர் இரண்டுக்கும் தலையாட்டினார். இரண்டும் நடந்தன. அவர் பிழைக்கவில்லை.

சாவு வீட்டிலேயே சண்டை வெடித்தது.

“நீ இழுத்தடிக்காம இருந்திருந்தா மாப்பிள்ளை இன்னிக்கு இருந்திருப்பார்” என்றார் அண்ணன்.

“கத்தி வெக்கச் சொன்னதே நீதான். அத்தான் நிம்மதியாவாவது போயிருப்பார்” என்றாள் தங்கை.

தீர்ப்புச் சொல் என்பதுபோல இருவரும் அவளைப் பார்த்தார்கள். வாசலை அடைத்துக் கிடந்த செருப்புகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

சில வாரங்கள் கழித்துப் பதிப்பாளர் போன் செய்தார். “மேடம், தலைப்பை மட்டும் மாத்திக்கலாமா? ‘போர்’னு வெச்சா பளிச்சுனு இருக்கும்.”

முன்பென்றால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். “சரி, வெச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்கிவிட்டதா என்று பார்க்கப் போனாள்.

புத்தகத்தில் போடும் வரைபடத்துக்குப் பட்டையின் நீளம் ஒன்றுதான் பாக்கி. மண்டபத்துச் சாவி தங்கையின் பிரார்த்தனைக் குழுவிடம் இருந்தது. நீளமான அளவு நாடா அண்ணனிடம் இருந்தது. வேறு வழியில்லாமல் மூவரும் ஒன்றாகப் போனார்கள்.

“இழுத்துப் பிடிக்கச் சொல்லு அவளை.”

“பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு அண்ணன்கிட்ட சொல்லு.”

கூப்பிடுகிற தூரத்தில் இருந்தவர்களுக்குத் தூது எதற்கு? அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். நாடா அதுபாட்டுக்கு விறைப்பாக நின்றது.

வெயில் வட்டம் மெல்ல நகர்ந்து பட்டைமேல் ஏறியது. “அட, நூல் பிடிச்ச மாதிரி வருதே!” என்றார் அண்ணன், தன்னை மறந்து. தங்கையின் உதடுகள் பிரார்த்தனையில் அசைந்தன. அவள் அளவைக் குறித்துக்கொண்டாள். வெயில் அவளுடைய வெறுங்காலைத் தொட்டது. சுட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

படியிறங்கும்போது அண்ணன் கேட்டுவிட்டார். “நீயே சொல்லு. யாரு மேல தப்பு?”

முன்னால் போன தங்கை நின்றாள்.

“தெரியலண்ணா.”

“இத்தனை வருஷமா இதைத்தானே படிக்கிறே?”

“என்னைக்கோ செத்தவங்க சண்டையைப் படிச்சேன். இது என்னால முடியல. ரெண்டு பேரும் இனிமே என்னைக் கேக்காதீங்க.”

குரல் உயரவில்லை. கடைக்காரரிடம் பை வேண்டாம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். தங்கை அவள் கைப்பையை வாங்கிக்கொண்டாள். அண்ணன் காரை எடுத்துவரப் போனார்.

புத்தகம் ‘போர்’ என்றே வந்தது, நன்றாகவும் விற்றது. தலைப்பை மட்டும் படித்தவர்கள் மேடையில் அடித்துக்கொண்டார்கள். முழுக்கப் படித்த ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: “இதுல போரே இல்லையே, மேடம்?”

“இல்லதான்” என்றாள்.

அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு நாளாக வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் தெரியாமல் இருவரும் ஒரே மாலையில் வந்துவிட்டார்கள். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். மூவரும் உட்கார்ந்து, மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.