ரெனானில் ரக்பிக்கு ஆள் சேர்த்த சனிக்கிழமை

காலை 7.30. நான் இருக்கும் எம்மன்புரூக்கேயில் பஸ் ஏறும்போது மழை விட்டிருந்தது. லுசேர்ண் நிலையத்திலிருந்து எட்டு மணிக்கு லொசானுக்கு நேரடி ரயில் இருக்கிறது. அரைக்கட்டண அட்டை வைத்திருந்தும் ஒருவழிச் சீட்டு முப்பது பிராங்கைத் தாண்டிவிட்டது. பதினெட்டு வருடங்களாக ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை லீவு கேட்டபோது தலைமைச் சமையல்காரர் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, "கலியாணமா, செத்தவீடா?" என்று கேட்டார். "ரக்பி ஆட்டம்" என்றேன். இன்னும் இரண்டு முறை சொல்லவைத்துவிட்டுத்தான் லீவு தந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் ரக்பி தெரியாது. தெரிந்ததெல்லாம் என் சித்தியின் மகள் சுகந்தியின் வீட்டு நடப்பு மட்டுமே. சுகந்தி லொசானுக்குப் பக்கத்தில், ரெனானில், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அவளுடைய மகள் மதுராவுக்கு இருபத்தைந்து வயது. இரண்டு வருடம் பிரான்சில் ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்கு ரக்பி விளையாடினாள். பார்க்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கழகம் முதலில் கைவைத்தது பெண்கள் அணியின் சம்பளத்தில்தான். ஆறு மாதத்துக்கு முன் இரண்டு பைகளோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

போன கிழமை தொலைபேசியில், "பெரியம்மா, சனிக்கிழமை வாங்கோ. ரக்பி பற்றி ஒண்டும் தெரியாத ஆக்கள்தான் எனக்கு வேணும்" என்றாள். அப்படி ஒரு தகுதிக்காக யாரும் என்னை இதுவரை அழைத்ததில்லை.

9.00. பேர்ணில் எனக்கு எதிரே ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் ஐஸ் ஹொக்கி அணியொன்றின் சால்வை. பிரிபூருக்கு ஆட்டம் பார்க்கப் போகிறாராம். நானும் ஆட்டம் பார்க்கத்தான் போகிறேன் என்றதும் முகம் மலர்ந்தது. ரக்பி என்றேன். "அது எங்கள் நாட்டில் இருக்கிறதா?" என்றார். ஐஸ் ஹொக்கிக்கு ஏன் இவ்வளவு கூட்டம் என்று கேட்டேன். "என்னை அப்பா கூட்டிப்போனார். நான் மகனைக் கூட்டிப்போனேன். வேறு காரணம் தெரியாது" என்றார். அப்படியானால் கூட்டிப்போக ஆளில்லாதவர்கள் என்ன செய்வது என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். பிரிபூரில் இறங்கும்போது அவர் எனக்கு நல்வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

லொசானுக்குக் கொஞ்சம் முன்பு சுரங்கத்தை விட்டு ரயில் வெளியே வந்தது. கீழே ஏரி முழுவதும் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், அறுவடை முடிந்து இலைகள் மஞ்சளாகி நின்றன. இந்தப் பக்கம் வந்துவிட்டால் என் ஜெர்மன் செல்லாது. பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தது வணக்கமும் நன்றியும் மட்டும்.

10.40. லொசானில் மாறி ரெனானில் இறங்கினேன். சுகந்தி நிலையத்துக்கு வந்திருந்தாள். நடக்கும்போதே தொடங்கிவிட்டாள்.

"அக்கா, நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கோ. லொசானிலை காப்புறுதிக் கந்தோர் ஒண்டு வேலை குடுத்திருக்கு. திங்கக்கிழமைக்குள்ளை மறுமொழி சொல்லவேணும். இவள் இன்னும் பந்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்."

"நீ அவளின்ரை ஆட்டம் பார்த்திருக்கிறியோ?"

"இல்லை. ஒருக்காப் போனனான். பத்து நிமிசத்திலை நாலு பேர் அவளுக்கு மேலை விழுந்திட்டினம். எழும்பி வந்திட்டன். பெத்த பிள்ளை அடிபடுறதை என்னெண்டு பார்க்கிறது?"

சுகந்தி சொல்லாத மீதியை மதியச் சாப்பாட்டின்போது மதுராவே சொன்னாள். இங்குள்ள கழகம் தன் ஆண்கள் அணியில் இரண்டு மூன்று பேருக்குச் சிறு சம்பளம் கொடுத்துப் பார்க்கிறது. ஆட்டம் பார்க்க ஆட்களில்லை; ஆட்களைக் கொண்டுவரும் பொறுப்பை மதுரா கேட்டு வாங்கியிருக்கிறாள். இன்றைய ஒரு ஆட்டத்தை மட்டும் அவள் சொல்கிறபடி நடத்திப் பார்க்கத் தலைவர் சம்மதித்திருக்கிறார். சரிவராவிட்டால் சம்பளத்தை நிறுத்திப் பொழுதுபோக்குக் கழகமாகவே இருந்துவிடுவார்கள். மதுராவும் ரக்பியை விட்டுவிட்டுக் கந்தோர் வேலைக்குப் போய்விடுவாள்.

"ஏன் பிள்ளை சனம் வாறேல்லை?" என்று கேட்டேன்.

"விளங்காது பெரியம்மா. விசில் ஊதினால் ஏன் ஊதினது எண்டு தெரியாது. பிரான்சிலை தொலைக்காட்சிக்காக நேரத்தை மாத்தி மாத்தி வைச்சாங்கள். நடுவர் வீடியோ பார்க்கிற மட்டும் சனம் குளிருக்கை குந்திக்கொண்டிருக்கும். அதோடை தலையிலை அடிபடும் எண்ட பயம் வேறை. அது வீண் பயமும் இல்லை." தாயை ஒரு பார்வை பார்த்தாள். "தெரிஞ்ச ஆக்களுக்காகவே ஆட்டத்தை நடத்தினால், தெரிஞ்ச ஆக்கள் வயசுபோய்ப் போயிடுவினம்."

பிற்பகல் 1.30. மைதானம் ரயில் பாதைக்குப் பக்கத்தில், நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. ஒரு பக்கம் சீமெந்துப் படிகள், நீளமாக, வெறுமையாக. மதுரா அதற்குக் குறுக்கே நாடா கட்டி மூடிவிட்டாள். எல்லாரும் எதிர்ப்பக்கம் கயிற்றடியில் நிற்க வேண்டும். "ஐந்நூறு இருக்கையிலை நூறு பேர் இருந்தால் செத்தவீடு. கயிற்றடியிலை நூறு பேர் நிண்டால் திருவிழா" என்றாள். நுழைவு இலவசம். சிற்றுண்டிக் கொட்டகையில் தேநீர் மூன்று பிராங். பள்ளிக்கூட வாசலிலும் சந்தையிலும் தானே துண்டுக் காகிதம் கொடுத்திருந்தாள். போர்த்துக்கேயர், எரித்திரியர், கொசோவோக்காரர், நாலைந்து தமிழ்க் குடும்பம் என்று வந்திருந்தார்கள். நூறு பேர் இருக்கும். பாதிப்பேர் எந்த நேரமும் வீட்டுக்குப் போகத் தயார் என்பதுபோல் நின்றார்கள்.

2.00. ஒலிபெருக்கியில் ஆட்டத்தை விளக்குவதுதான் அவளுடைய திட்டம். ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடம் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்துவிட்டு நின்றுபோனது. கம்பிகளைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். அசையவில்லை. கழகத் தலைவர் பஸ்கால், கட்டையான, அமைதியான மனிதர், தோளைக் குலுக்கினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாததையாவது கேட்போம் என்று நினைத்தேன்.

"மதுரா, ஏன் எல்லாரும் பந்தைப் பின்னாலை எறியினம்? முன்னாலைதானே போகவேணும்?" என்று சத்தமாகவே கேட்டேன்.

திரும்பினாள். "கையாலை பின்னாலை மட்டும்தான் எறியலாம் பெரியம்மா. முன்னாலை போறதெண்டால் கொண்டு ஓடவேணும், இல்லாட்டி உதைக்கவேணும்."

பக்கத்தில் நின்ற போர்த்துக்கேயப் பெண் அவளிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அதே கேள்விதான் போலிருக்கிறது. மதுரா பிரெஞ்சில் சொன்னாள். அந்தப் பெண் தன் கணவனுக்குப் போர்த்துக்கேயத்தில் சொன்னாள். அதன்பின் மதுரா ஒலிபெருக்கியின் பக்கம் போகவேயில்லை. கயிற்றின் நீளத்துக்கு நடந்தாள். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு இடத்தில் நின்று சொன்னாள். பதினாறு பேர் குனிந்து முட்டிக்கொண்டு நின்றபோது, "பந்தை முன்னாலை தவறவிட்டிட்டான். அதாலை இப்பிடித் திரும்பத் தொடங்குகினம்" என்றாள். எரித்திரியப் பெரியவர் ஒருவர் அதைத் தன் பேத்திகளுக்குக் கையால் நடித்துக் காட்டினார். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு விளங்கத் தொடங்கியதும் கால் குளிர்வது மறந்துபோனது.

இடைவேளையில் சுகந்தி மீன் ரோல்ஸ் பெட்டியோடு வந்தாள். கொட்டகையில் வைத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். யாரும் வீட்டுக்குப் போகாமல் நிற்பதைப் பார்த்தாள். மகளுடைய குரல் கயிற்றின் அந்த முனையிலிருந்து கேட்டது. பெட்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒரு அஞ்சு நிமிசம்" என்றாள்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது ரெனான் 20, வந்த அணி 19. பந்தோடு பாய்ந்து வந்தவனை எங்கள் ஆள் ஒருவன் மறித்துச் சாய்த்தான். விசில். கழுத்தில் பிடித்தானாம். மஞ்சள் அட்டை. அதற்குக் கிடைத்த தண்டனை உதையை வந்த அணி கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்தது. 22–20. தோற்றுப்போனோம். நூறு பேரும் ஒரே மூச்சாக "ஓ" என்றார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் மதுரா நாடா கட்டினாள் என்று அப்போது விளங்கியது.

பஸ்கால் அவளிடம் வந்து கொஞ்ச நேரம் கதைத்தார். அவள் பிறகு எங்களுக்குச் சொன்னாள். "இடைவேளையிலை ஒருத்தரும் போகேல்லை எண்டு சொல்லுறார். இந்தப் பருவம் முடியுமட்டும் செய்யட்டாம். ஆனால் எனக்குச் சம்பளம் தர ஏலாதாம்."

"அப்ப கந்தோர்?" என்றாள் சுகந்தி.

"எண்பது வீதம், கிழமைக்கு நாலு நாள் வேலை எண்டால் வாறன் எண்டு திங்கக்கிழமை கேக்கப்போறன். வெள்ளிக்கிழமை எனக்குக் கழகத்துக்கு வேணும். ஓமெண்டால் இரண்டும். இல்லையெண்டால் யோசிப்பம்."

தாய் சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் வெறும் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

மாலை 5.20. திரும்பும் ரயிலுக்காக ரெனான் நிலைய மேடையில் நின்றபோது, பார்த்ததை மனதுக்குள் எடைபோட்டேன். தொழில்முறை ரக்பி இதனால் பிழைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். பெரிய அரங்குகளின் கதை வேறு. எம்மன்புரூக்கேயில் என் வீட்டிலிருந்து பார்த்தால் ஒரு உதைபந்து மைதானம் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அங்கே போனதில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பதுதான் காரணம் என்று இன்றைக்குத் தோன்றியது.

வழியனுப்ப வந்த சுகந்தி, ரயில் வருவதை அறிவித்ததும் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. பந்தோடை வந்த பெடியன் குனிஞ்சுகொண்டுதானே ஓடி வந்தவன்? குனிஞ்சு வந்தவனை எங்கை பிடிச்சாலும் கழுத்திலைதானே படும்? அதுக்கு எங்கடை ஆளுக்கு மஞ்சள் அட்டை குடுக்கலாமோ?"

"வீட்டை போய் அவளைக் கேள்" என்றேன்.

"கேக்கத்தான் போறன்" என்றாள். நான் ரயிலில் ஏறி, கதவு மூடிய பிறகும் கண்ணாடிக்கு வெளியே குனிந்து, நிமிர்ந்து, அந்த ஆள் எப்படி ஓடி வந்தான் என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.